முன்பாத வலி: காலணிக்குள் மெத்தை வைப்பது எப்போது உதவும், எப்போது உதவாது

உள்ளங்காலில், விரல்களுக்குச் சற்றுப் பின்னே, நிற்கும்போதும் நடக்கும்போதும் தரையில் அழுந்தும் மேடான பகுதியில் தோன்றும் வலி முன்பாத வலி எனப்படும். மருத்துவர்கள் இதனை மெட்டாடார்சால்ஜியா என்பர். காலுக்கடியில் கூழாங்கல் கிடப்பது போல் இருக்கிறது என்றும், காலையில் சிமெண்டுத் தரையில் காலை ஊன்றியதும் எரிகிறது என்றும் நோயாளிகள் கூறுவதுண்டு. இது தனியொரு நோயன்று. முன்பாதம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சுமை தாங்குகிறது என்பதைக் காட்டும் அறிகுறி. அச்சுமையைப் பகிர்ந்தளிக்க உதவும் எளிய கருவியே காலணிக்குள் வைக்கும் மெத்தை. கடைகளில் இதனை இன்சோல் என்று கேட்டு வாங்கலாம்.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி உள்ளிட்ட கீழ்ப்பழனி மலைப் பகுதிகளில் வாழ்வோரை மனத்திற்கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. சமவெளியில் வாழ்வோருக்கும் இது பொருந்தும். எனினும், காப்பித் தோட்டத்துச் சரிவில் நாள் முழுவதும் ஏறி இறங்குபவருக்கும், வாழைத்தாரைத் தோளில் சுமந்து சாலை வரை நடப்பவருக்கும், "சில வாரங்கள் ஓய்வெடுங்கள்" என்னும் அறிவுரை பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய கூலி இல்லை. வலியுள்ள காலோடு நடந்தே ஆக வேண்டியவர் அதனை எவ்வாறு பாதுகாப்பாகச் செய்யலாம் என்பதே இங்கு கூறப்படுகிறது.

வலி எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு பாதத்திலும் விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீள எலும்புகள் உள்ளன. அவற்றின் உருண்டையான முன்நுனிகளே முன்பாதத்தின் மேடாக நம் கைக்குத் தட்டுப்படுகின்றன. அந்நுனிகளுக்கும் தோலுக்கும் இடையே இயற்கை அமைத்த கொழுப்பு மெத்தை ஒன்றுண்டு. வயது ஏற ஏற இம்மெத்தை மெலிகிறது. விரல்கள் மடங்கிச் சுருங்கியவர்களுக்கு அது முன்னோக்கி நகர்ந்து, எலும்பு நுனிகள் பாதுகாப்பின்றி நிற்கின்றன.

நடக்கையில் குதிகால் தரையை விட்டு எழும்பும் கணத்தில் உடலின் எடை முழுவதும் இந்நுனிகளின் மீது சாய்கிறது. மேட்டில் ஏறும்போது குதிகால் தரையில் நன்கு பதிவதில்லை; முன்பாதமே உடலைத் தள்ளி ஏற்றுகிறது. சரிவில் இறங்கும்போது பாதம் செருப்புக்குள் முன்னோக்கி வழுக்கி விரல்கள் நெருக்கப்படுகின்றன. படிகளில் இறங்குகையிலும் முன்பாதமே முதலில் ஊன்றுகிறது. தலையிலோ தோளிலோ சுமை இருப்பின் அதன் எடையும் இதனோடு சேரும். கெண்டைக்கால் தசை இறுகியிருப்பவருக்குக் குதிகால் முன்கூட்டியே எழும்பிவிடுவதால், அவர் சமதளத்தில் நடந்தாலும் முன்பாதத்திற்குக் கூடுதல் வேலைதான். உயர்ந்த குதி வைத்த செருப்பும், முன்முனை குறுகிய பூட்ஸும் இதே விளைவைத் தருகின்றன.

உங்கள் பழைய ரப்பர் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். முன்பாதம் ஊன்றும் இடத்தில், பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குக் கீழே, அது குழிந்து தேய்ந்திருக்கும். சில செருப்புகளில் அவ்விடம் விரலால் அழுத்தினால் மறுபுறம் தெரியுமளவுக்கு மெலிந்துவிடும். செலவில்லாத பரிசோதனை அறிக்கை இது. மருத்துவரிடம் செல்லும்போது அன்றாடம் அணியும் அந்தச் செருப்பையே அணிந்து செல்லுங்கள். விழாவுக்கு அணியும் புதுச் செருப்பு அவருக்கு எதையும் தெரிவிக்காது.

மெத்தையும் திண்டும்

காலணிக்குள் வைப்பவை இரு வகைப்படும். ஒன்று, குதிகால் முதல் விரல்நுனி வரை பாதத்தின் முழு நீளத்திற்கும் விரியும் மெத்தை. மற்றொன்று, மெட்டாடார்சல் பேட் எனப்படும் சிறு திண்டு. நீர்த்துளி வடிவில், நடுவில் மேடாக, ஓரங்களில் சரிந்திருக்கும். முழு மெத்தை தரையின் கடினத்தைக் குறைக்கிறது. திண்டின் பணி வேறு. அது எலும்பு நுனிகளுக்குப் பின்புறம் பாதத்தைத் தாங்கி, நுனிகளின் மீது விழும் எடையில் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொள்கிறது.

மெத்தை எவ்வளவு மென்மையோ அவ்வளவு நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. விரலால் அழுத்தியதும் முழுவதும் அமுங்கிவிடும் பஞ்சு, உடல் எடை ஏறியதும் இல்லாததற்குச் சமம்; சில நாட்களில் தட்டையாகிவிடும். அழுத்தினால் சற்று அமுங்கி, விட்டதும் மீண்டும் எழும் பொருளே ஏற்றது. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர், ஈ.வி.ஏ. ஆகியவை இவ்வகையின. ஜெல் மெத்தைகள் தொடக்கத்தில் இதமாக இருப்பினும் கனமானவை; ஈரமான காலணிக்குள் நழுவவும் கூடும்.

திண்டை ஒட்டும் இடம்

இதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். வலிக்கும் இடத்திற்கு நேர் கீழே திண்டை வைத்தால், ஏற்கெனவே மிகுதியாக அழுந்தும் எலும்பு நுனி மேலும் அழுந்தும், வலி கூடும். உடனே, "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று திண்டைப் பிய்த்து எறிந்துவிடுவர். திண்டு இருக்க வேண்டிய இடம், வலிக்கும் இடத்திற்குச் சற்றுப் பின்னே, குதிகால் பக்கமாக.

அவ்விடத்தை வீட்டிலேயே கண்டறியலாம். சிறிது குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, உள்ளங்காலில் மிகுதியாக வலிக்கும் புள்ளியில் பொட்டாக இடுங்கள். பிறகு காலணிக்குள் வைக்கவுள்ள மெத்தையின் மீது நேராக நின்று, எடையை ஊன்றி, காலை எடுங்கள். மெத்தையில் சிவப்புக் குறி பதிந்திருக்கும். திண்டின் முன்விளிம்பு அக்குறிக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் பின்னால் அமையுமாறு ஒட்ட வேண்டும். முதலில் ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டிப் பார்ப்பது நன்று. ஒரு நாள் நடந்து பார்த்து, தேவையெனில் சில மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நகர்த்தி, இதமான இடம் தெரிந்த பின்னர் நிலையாக ஒட்டலாம். குங்குமக் குறியிடும் வேலையைத் தாமே குனிந்து செய்ய இயலாத முதியோருக்கு வீட்டிலுள்ளவர்கள் செய்து தர வேண்டும்.

முதல் சில நாட்கள் பாதத்தின் நடுவே ஏதோ உறுத்துவது போல் தோன்றும். இது இயல்பு. முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று படிப்படியாகக் கூட்டுங்கள். முதல் நாளே தோட்டத்து வேலைக்கு அணிந்து செல்ல வேண்டாம். ஒரு வாரம் கடந்தும் உறுத்தல் நீங்காவிடில் திண்டு மிகவும் உயரமாக இருக்கலாம், அல்லது இடம் தவறியிருக்கலாம்.

ஒரு காலில் மட்டும் வலி இருந்தாலும், தடித்த முழு மெத்தையை இரு காலணிகளிலும் வைப்பதே நல்லது. ஒரு கால் மட்டும் உயர்ந்தால் இடுப்பும் முதுகும் அதனை ஈடுகட்ட முயன்று வலிக்கத் தொடங்கும்.

எந்தக் காலணிக்குள் வைப்பது?

மெத்தையைவிடக் காலணியே முதன்மையானது. இடமில்லாத காலணிக்குள் மெத்தையைத் திணித்தால் பாதம் மேலெழும்பி, விரல்களின் மேற்புறம் காலணியில் உரசிப் புண்ணாகும். காலணிக்குள் ஏற்கெனவே உள்ள மெல்லிய அட்டையை எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கும் காலணியின் முன்முனைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு செ.மீ. இடைவெளி வேண்டும், விரல்கள் தம் இயல்பில் விரிந்திருக்கும் அகலமும் வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் ஆதலால் அந்நேரத்தில் காலணி வாங்குவது நல்லது. வத்தலக்குண்டிற்கோ திண்டுக்கல்லுக்கோ வேறொருவரை அனுப்பி வாங்குவதாயின், தாளின் மீது நின்று பாதத்தின் வடிவை வரைந்து கொடுத்தனுப்புங்கள். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறுவனத்தின் எட்டாம் எண்ணும் ஒவ்வோர் அளவு.

இரு விரல்களுக்கிடையே வார் கோத்த ஹவாய் செருப்புக்குள் மெத்தை நிற்காது. அதனைக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள விரல்கள் ஒவ்வோர் அடியிலும் மடங்கிப் பற்ற வேண்டியிருப்பதால், முன்பாதத்தின் சுமையும் கூடுகிறது. மலைச்சரிவுக்கு ஏற்றது, குதிகாலுக்குப் பின்னே வார் உள்ள செருப்பு, அல்லது கயிறோ ஒட்டுப்பட்டையோ கொண்டு இறுக்கும் காலணி. வார் பாதத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொள்வதால் இறங்கும்போது அது முன்னால் வழுக்காது. காலணி தைக்கும் தொழிலாளியிடம் உங்கள் செருப்பைக் கொடுத்து, எம்.சி.ஆர். அட்டையை ஒட்டி, பின்வாரும் சேர்த்துத் தைத்துத் தரச் சொல்லலாம். கைதேர்ந்தவர் செய்தால் இது விலையுயர்ந்த இறக்குமதி மெத்தைக்குச் சற்றும் குறைந்ததன்று.

மழைக்காலத்தில் ரப்பர் பூட்ஸ் அணிவோர் அதற்குள் முழு மெத்தை வைக்கலாம். ஆனால் நாள்தோறும் மாலையில் அதனை வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். அடுப்புக்கு அருகே வைத்தால் ஈ.வி.ஏ. மெத்தை சுருங்கும், கடினமாகும். காற்றோட்டமான நிழலே போதும். இரண்டு சோடி மெத்தைகள் இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஈர மெத்தையின் மீது மணிக்கணக்கில் நிற்கும் பாதத்தில் விரலிடுக்குச் சேற்றுப்புண் எளிதில் வரும்.

மெத்தை எத்தனை மாதம் உழைக்கும் என்பது நடப்பவரின் எடையையும் வேலையையும் பொறுத்தது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கிய குழி மேலெழும்பாவிடில் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

மெத்தையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை சில உண்டு. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாய்ந்து கெண்டைக்கால் தசையை நீட்டுங்கள். முப்பது விநாடி வீதம் ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை, காலையும் மாலையும் செய்யலாம். வீட்டிற்குள்ளும் மென்மையான செருப்பு அணியுங்கள். இது நம் வழக்கத்திற்கு மாறானதாகத் தோன்றலாம். வீட்டுக்கென்று தனியாக ஒரு சோடி வைத்துக்கொண்டால் தூய்மையும் கெடாது. வலி நிவாரணி மாத்திரைகளைக் கடையில் வாங்கி நாட்கணக்கில் உட்கொள்ளாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அவை தீங்கு விளைவிக்கும்.

உணர்ச்சி குறைந்த பாதம்

இதுவரை கூறியவை அனைத்தும் வலியை உணரக்கூடிய பாதத்திற்கே பொருந்தும். நீரிழிவு நோயாலோ தொழுநோயாலோ பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கடையில் திண்டு வாங்கித் தாமே ஒட்டிக்கொள்ளக் கூடாது. தவறான இடத்தில் ஒட்டிய திண்டு உறுத்தினால் மற்றவர் உடனே கழற்றிவிடுவார். உணர்ச்சி குறைந்தவருக்கு உறுத்தல் தெரியாது. மாலையில் காலணியைக் கழற்றும்போது அங்கே புண் இருக்கும்.

இந்த உண்மை தெளிவாக உணரப்பட்ட இடங்களுள் ஒன்று தமிழ்நாடு. கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் பாதங்கள் அழுகிக் குறைவது அந்நோயின் இயல்பு என்றே அக்காலத்தில் பரவலாகக் கருதப்பட்டது. வலி தெரியாத பாதத்தில் ஒரே இடம் ஒவ்வோர் அடியிலும் மீண்டும் மீண்டும் அழுந்துவதால்தான் புண் உண்டாகிறது, அழுத்தத்தைப் பரப்பினால் புண்ணைத் தடுக்கலாம் என்பதை அவரும் அவருடன் பணியாற்றியோரும் எடுத்துக்காட்டினர். வேலூரிலும், அதனையடுத்த கரிகிரியிலுள்ள தொழுநோய் மருத்துவமனையிலும் நுண்துளை ரப்பர் செருப்புகள் நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்டன. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் இன்றும் தேவைப்படுவோருக்கு எம்.சி.ஆர். செருப்பு இலவசமாக வழங்கப்படுகிறது. அதே செருப்பே நீரிழிவு நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

எனவே நீரிழிவு உள்ள ஒருவர், "முன்பு முன்பாதம் வலித்தது, இப்போது வலி தானாகவே நின்றுவிட்டது" என்று கூறினால் வீட்டிலுள்ளவர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். வலி நீங்கியதா, உணர்ச்சி நீங்கியதா என்று பார்க்க வேண்டும். சுகாதார நிலையத்தில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு இதனைச் சில நிமிடங்களில் அறிந்துவிடுவர். பாதத்தின் நாடித்துடிப்பையும் பார்ப்பர். நீரிழிவு உள்ளவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

இத்தகையோரைப் பராமரிப்பவர்கள் இரவில் விளக்கொளியில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நாள்தோறும் பாருங்கள். காலணி அணியும் முன் உள்ளே கையை விட்டுத் தடவி, சரளைக்கல், முள், பூச்சி, மடிந்த மெத்தை ஏதேனும் உண்டா என்று அறியுங்கள். மலையின் குளிருக்கு அடுப்பருகே கால் நீட்டிக் காய்வதும், வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைப்பதும் இங்கு வழக்கம். உணர்ச்சி குறைந்தவருக்குத் தோல் வெந்துபோவதே தெரியாது. கம்பளிக் காலுறை போதுமானது. தைப்பூசத்திற்கோ பங்குனி உத்திரத்திற்கோ பழனிக்கு வெறுங்காலுடன் நடந்து செல்ல நேர்ந்துகொண்டவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பின் புறப்படுமுன் மருத்துவரிடம் பேசுங்கள். சாலையில் காலணி அணிந்து நடந்து, மலையடிவாரத்தில் கழற்றிவைப்பவர்களும் உண்டு. அதற்குப் பின்னும் படிகளின் சூடு குறித்துக் கவனம் தேவை.

மெத்தைக்கு அடங்காத வலிகள்

மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையே மின்சாரம் பாய்வது போன்ற வலியும் மரத்துப்போதலும் இருப்பின், அங்குள்ள நரம்பு தடித்திருக்கலாம். அகலமான காலணியும் திண்டும் இதற்கும் ஓரளவு உதவும். ஆயினும் மருத்துவர் பார்த்தல் வேண்டும். அதிக தொலைவு நடந்த பின்னர் பாதத்தின் மேற்புறம் வீங்கி, ஒரே எலும்பின் மீது விரல் வைத்தால் வலித்தால், அது மயிரிழை எலும்பு முறிவாக இருக்கக்கூடும். அதனை மெத்தை வைத்து மறைத்து நடந்தால் முறிவு பெரிதாகும். நடந்தே தீர வேண்டியவரும் நடையை நிறுத்த வேண்டிய இடம் இது. பெருவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து, துணி பட்டாலும் தாங்காத அளவு வலித்தால் யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதத்தை ஐயுற வேண்டும். இரு பாதங்களும் காலையில் நெடுநேரம் இறுகியிருந்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். இதற்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் மூட்டுகளைக் காக்க முடியும்.

தோட்டத்தில் வெறுங்காலுடன் நடப்பவரின் முன்பாத வலிக்குத் தோலுக்குள் முறிந்து தங்கிய முள்ளும் காரணமாகலாம். கால் ஆணியும் அப்படியே. ஆணியைப் பிளேடால் சீவுவதும், அமிலம் தடவிய ஆணிப் பட்டையை ஒட்டுவதும் நீரிழிவு உள்ளவருக்கு ஆபத்தானவை.

எங்கே செல்வது?

மேற்கூறிய மாற்றங்களைச் செய்தும் இரண்டு வாரங்களில் வலி சற்றும் குறையாவிடில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். எக்ஸ்ரே தேவைப்படின் கொடைக்கானல் அல்லது வத்தலக்குண்டு அரசு மருத்துவமனைக்கோ, எலும்பு மருத்துவரின் ஆலோசனைக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பர். நடந்து செல்ல இயலாதவர்கள், 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் தெரிவிக்கலாம். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளுடன் இயன்முறை சிகிச்சையும் இத்திட்டத்தின் கீழ் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது.

நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் புண், சீழ், கருமை நிறம், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்கினாலும் அவ்வாறே; உணர்ச்சி இழந்த பாதத்தின் எலும்புகள் நொறுங்கத் தொடங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கும் வரை அக்காலை ஊன்றாதீர்கள். சந்தேகங்களுக்கு 104 என்ற கட்டணமில்லாச் சுகாதாரத் தகவல் எண்ணையும், அவசர ஊர்திக்கு 108-ஐயும் எந்நேரமும் அழைக்கலாம்.